மூன்று வீட்டுத் தண்ணீர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நலம். போனில் சொன்னால் பாதியிலேயே "மீட்டிங்ப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். குட்டி தூங்கின பிறகு மாப்பிள்ளையோடு உட்கார்ந்து நிதானமாகப் படி.

சென்னையில் வாங்கலாம் என்று நீ சொன்ன மூன்று வீடுகளையும் இரண்டிரண்டு தடவை பார்த்துவிட்டேன். முதல் தடவை புரோக்கரோடு, அடுத்த தடவை தனியாக. தனியாகப் போனபோதுதான் விஷயம் கிடைத்தது.

முடிச்சூர் வீடு தனி வீடு. அரை கிரவுண்டு, அதாவது 1200 சதுர அடி மனை, 70 லட்சம் சொல்கிறார்கள். முத்திரைத்தாளுக்கு 7 சதவீதம், பதிவுக்கு 2 சதவீதம் என்று இன்னொரு ஆறு லட்சத்து முப்பதாயிரம் எடுத்து வைக்க வேண்டும். வாசலில் முருங்கை, கொல்லையில் கிணறு. மாப்பிள்ளை பார்த்தால் அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிடுவார். வீட்டுக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு மதிலுக்கு யார் அடிப்பது? அதில் என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு ஓடுகிறது. எதிரே தள்ளுவண்டியில் இஸ்திரி போடுகிற அம்மாவிடம் கேட்டேன். "2015 டிசம்பர்ல வந்த தண்ணி சார். இந்தத் தெருவுல படகு விட்டாங்க" என்றார். அடையாறு அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். அப்புறம் ஆற்றை அகலப்படுத்திவிட்டார்கள், இப்போது பரவாயில்லை என்றும் அவரே சொன்னார். ஆனால் அவர் வீட்டில் கட்டில் காலுக்கடியில் அன்றைக்கு வைத்த செங்கலை இன்னும் எடுக்கவில்லையாம்.

பெரும்பாக்கம் ஃப்ளாட் உன் ஆபீசுக்குப் பக்கம். சோழிங்கநல்லூருக்கு இருபது நிமிஷம் என்று புரோக்கர் சொன்னது பொய் இல்லை. லிஃப்ட், ஜெனரேட்டர், குட்டி விளையாட இடம், எல்லாம் இருக்கிறது. 980 சதுர அடி என்றார்கள். டேப் வைத்து அளந்தேன். சுவருக்குச் சுவர் 710 கூட வரவில்லை. மீதி எல்லாம் படிக்கட்டிலும் வராந்தாவிலும் உன் பங்கு! சின்ன படுக்கையறையில் உன் அம்மாவின் பீரோவை வைத்தால் கதவு முழுசாகத் திறக்காது. அடிமனைப் பங்கு, அதான் யூடிஎஸ், 400 சதுர அடிதான்.

இது போகட்டும். அந்தப் பக்கம் முழுக்கவே பள்ளிக்கரணைக் கழிவெளியைச் சுற்றி எழுந்த ஊர். தென்சென்னையின் ஏரிகள் பலவும் ஒன்றுக்கொன்று வழிந்து, கடைசியில் அந்தச் சதுப்புக்குத்தான் போகும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கடலுக்கு. 2022இல் அந்தச் சதுப்பை உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள், சந்தோஷம்தான். ஆனால் தண்ணீர் தங்குகிற இடத்தில் பாதிக்கு மேல் நாம் வீடு கட்டிய பிறகு கிடைத்த பட்டம் அது. 2023 டிசம்பர் புயலில் எப்படி இருந்தது என்று வாட்ச்மேனைக் கேட்டேன். சிரித்தார். "கீழே பார்க்கிங் முழுக்கத் தண்ணி. இப்பல்லாம் மழைன்னு டிவில சொன்னதுமே கார எங்கயாவது மேட்டுல கொண்டுபோய் வெச்சுடறாங்க." வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தில் வரிசையாகக் கார் நிறுத்தியதைப் போன வருஷங்களில் நீயே படம் பார்த்துச் சிரித்தாயே, அதே கதை.

சேலையூர் ஃப்ளாட்டுக்குப் பதினைந்து வயது. ஆறே வீடு, இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பாத்ரூம் டைல்ஸ் பார்த்தால் நீ மூக்கைச் சுளிப்பாய். தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் என்பதால் மாப்பிள்ளைக்குக் கிண்டி போவது சுலபம், சீசன் டிக்கெட் எடுத்தால் போதும். உனக்குத்தான் கஷ்டம். காலை எட்டரைக்கு நானே பஸ் ஏறிப் பார்த்தேன். கேம்ப் ரோடில் ஒரு நிற்றல், மேடவாக்கத்தில் ஒரு நிற்றல். மாறி ஏறி சோழிங்கநல்லூர் போய்ச் சேர ஒரு மணி பத்து நிமிஷம். இதை நான் மறைக்கவில்லை.

இப்போது ஒரு பைத்தியக்காரத்தனம் சொல்கிறேன், சிரிக்காதே. 1994இல் குரோம்பேட்டையில் நம் வீட்டை வாங்குவதற்கு முன்னால் உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? தோல் பதனிடுகிற ஊர். பேரே குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. நிலத்தடி நீர் எப்படியோ என்று அவளுக்குப் பயம். அந்த வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு தூக்குவாளியில் தண்ணீர் கொண்டுவந்து, வாடகை வீட்டு அடுப்பில் துவரம்பருப்பை வேகவைத்தாள். உப்புத் தண்ணீரில் பருப்பு மசியாது. மசிந்தது. அப்புறம்தான் வளையலைக் கழற்றிக் கொடுத்தாள்.

அதையேதான் நானும் செய்தேன். மூன்று வீட்டிலிருந்தும் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்து, குக்கர் இல்லாமல், ஒரே அளவு பருப்பு, ஒரே நேரம். பெரும்பாக்கம் போர் தண்ணீரில் பருப்பு கல்லு மாதிரி அப்படியே கிடந்தது. அங்கே குடிக்க, சமைக்க எல்லாமே லாரித் தண்ணீர்தானாம். மாதப் பராமரிப்பில் பெரும்பகுதி அதற்கே போகிறது. சேலையூர்த் தண்ணீரில் கொஞ்சம் நேரமானாலும் வெந்துவிட்டது. வெண்ணெயாய் மசிந்தது எது என்கிறாய்? முடிச்சூர்க் கிணறு! ஆற்றுப்பக்கம் என்பதால்தானோ என்னவோ. எனக்கே மனசு கேட்கவில்லை.

ஆனாலும் என் ஓட்டு சேலையூருக்குத்தான். மேட்டுப் பகுதி, மழைநீர் தெருவோடு இறங்கிப் போய்விடுகிறது. கீழ்வீட்டுப் பாட்டி இருபது வருஷமாக அந்தத் தெருவில் இருக்கிறார். 2015இலும் வாசற்படி நனையவில்லை என்கிறார். டைல்ஸை மாற்றிக்கொள்ளலாம், ஆறு எங்கே ஓடுகிறது என்பதை மாற்ற முடியாது.

பத்திர நகல் வாங்கி வக்கீலிடம் கொடுத்திருக்கிறேன். 30 வருஷ வில்லங்கமும் தாய்ப்பத்திரமும் பார்க்கச் சொன்னேன். கிராம 'அ' பதிவேட்டில் அந்த சர்வே எண் ஏரி நிலமா, புறம்போக்கா, பட்டா நிலமா என்பதையும் பார்க்கிறார். பேங்க் லோன் தருகிறதே, அப்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று மாப்பிள்ளை சொன்னதாகச் சொன்னாய். பேங்குக்கு அதன் பணம் திரும்பினால் சரி, அந்த வீட்டில் குடியிருக்கப்போவது நீங்கள்.

இன்னொன்று. "உங்க பக்கத்துலயே இருக்கலாம்பா" என்றாயே, அந்தக் கணக்கை இதில் சேர்க்காதே. எனக்குக் கால் இருக்கிற வரை ரயில் இருக்கிறது. தினமும் போக வரக் கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் போக முடியாது என்று தோன்றினால் சொல்லிவிடு, வருத்தப்பட மாட்டேன். துரைப்பாக்கம் பக்கம் வேறு பார்க்கிறேன். பருப்பு இன்னும் அரைக் கிலோ இருக்கிறது.

ஐப்பசியில் நல்ல மழையாக ஒரு நாள் பார்த்து வாருங்கள். மூன்று தெருவையும் நனைந்துகொண்டே பார்த்துவிட்டு வரலாம். குடை எடுத்துக்கொண்டு வா, என்னுடையதில் கம்பி போய்விட்டது.

அன்புடன்,
அப்பா