ஐந்தரை மணிக்கு இறங்கும் சுவிட்ச்

அருங்காட்சியகங்களின் மின்கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி உத்தரவு போடும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் ஏ.சி. மெக்கானிக். கடலோர ஊர் ஒன்றில் அருங்காட்சியக ஏ.சி.க்களைச் சில காலம் பார்த்துக்கொண்டேன். ஊர்ப்பெயர் வேண்டாம், அங்கே இருப்பவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை.

தினமும் மாலை ஐந்தரைக்கு ஏ.சி. சுவிட்சை இறக்கிவிடுவார்கள். சிக்கனம். பகல் முழுக்க 22 டிகிரியில் இருந்த கூடத்தைக் கூட்டிப் பெருக்க ஜன்னல்களைத் திறப்பார்கள். ஒருநாள் என் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது பீடத்தில் நின்ற அம்மன் சிலையைப் பார்த்தேன். தோளில் முத்து முத்தாக நீர். ஒரு சொட்டு முழங்கை வரை இறங்கி நின்றது. "அம்மனுக்கு வேர்க்குது" என்று கூட்டுகிற அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வேர்த்தது காற்று. வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 75 விழுக்காடு என்றால், 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன்மேலும் நீர் கோக்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் கதைதான். பாட்டிலுக்கு ஒன்றும் ஆகாது. மண்ணுக்கடியில் புதைந்து கிடந்த செப்புச் சிலையில் உப்பு ஊறியிருக்கும்; ஈரமும் காற்றும் சேர்ந்தால் அது வெளிர்பச்சைப் பொடியாகப் பூத்து உலோகத்தைத் தின்னும். வெண்கல நோய் என்பார்கள்.

புதிதாகப் பெரிய ஏ.சி. வாங்கிவிடாதீர்கள், அது இன்னும் மோசம். ஐந்து டன் போதும் என்கிற இடத்தில் பத்து டன் போட்டால் கூடம் சட்டென்று குளிர்ந்து கம்ப்ரசர் நின்றுவிடும். ஃபேன் மட்டும் ஓடி, உள்ளே காற்றைக் குளிர்விக்கும் காயிலில் நிற்கும் தண்ணீரைத் திரும்பக் கூடத்துக்கே ஊதும். சாதாரண ஏ.சி. வெப்பத்தைப் பார்த்துத்தான் ஓடும். ஈரம் அதன் கணக்கில் இல்லை.

இரவும் பகலும் ஓட்டப் பணமில்லையா? அப்படியானால் சிலைக்கூடத்தைக் குளிரூட்டவே வேண்டாம். பார்வையாளருக்கு மின்விசிறி போதும். சிலையைக் காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, கீழே சிலிக்கா ஜெல் தட்டு வையுங்கள்; ஈரத்தை உறிஞ்சும் நீலக் குருணை அது. நீலம் வெளிறி இளஞ்சிவப்பானால் ஓவன் அடுப்பில் காயவைத்துத் திரும்ப வைக்கலாம். பெட்டிக்குள் ஈரமானி ஒன்று. நோய் பிடித்த சிலைகளைக் காட்ட வேறெங்கும் அலைய வேண்டாம். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-லேயே இதற்கென்று வேதியியல் கூடம் தொடங்கியாயிற்று.

நான் வேலை பார்த்தபோது அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. வியாழன் மாலை இறக்கிய சுவிட்ச் சனி காலைதான் ஏறும். ஒரு சனிக்கிழமை, அதை ஏற்றுவதற்கு முன்னால், ஈரமானியோடு உள்ளே போய்ப் பாருங்கள். கூப்பிட்டால் நானும் வருகிறேன், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
ஓர் ஏ.சி. மெக்கானிக்