திருவிருந்துக் கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்று சபைக்குச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

சென்ற இதழில் மதுவிலக்கு பற்றி வந்த கட்டுரையில், கானாவூர்க் கல்யாணத்தில் ஆண்டவர் இயேசு தண்ணீரை மாற்றிக் கொடுத்தது புளிக்காத திராட்சைச் சாறுதான், மதுவை நாவில் வைத்தவன் இரட்சிக்கப்பட்டவன் அல்ல என்று எழுதியிருந்தார்கள். கட்டுரையின் மற்ற பகுதியோடு எனக்கு வழக்கில்லை. எங்கள் வீட்டில் மது நுழைந்ததில்லை, நுழையவும் வேண்டாம். டாஸ்மாக் கடையால் நொடித்துப்போன குடும்பம் இல்லாத சேகரம் (ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபைகள்) உண்டா என்பதே சந்தேகம். ஆனாலும் அந்த வரியை வாசித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. ரொட்டியும் திராட்சைச் சாறும் பகிரும் திருவிருந்து ஆராதனைக்குச் சாறு காய்ச்சும் பொறுப்பிலும், மதுநோயாளிகளைக் கவனிக்கும் செவிலியர் வேலையிலும் நெடுங்காலம் இருந்தவள் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் சாறு. தென்மாவட்டச் சபைகளில் பாதிப்பேர் பனையேறிகளின் பேரப்பிள்ளைகள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவாமல் கட்டினால், பாளையில் சொட்டும்போதே புளிக்கத் தொடங்கி, பதநீர் கள்ளாகிவிடும் என்பது நமக்குத் தெரியாததா? திராட்சைக்கும் அதே கதிதான். பழத்தின் தோலிலும் பிழியும் தொட்டியிலும் ஈஸ்ட் இருக்கிறது. வெயில் நாளில் பிழிந்த சாறு ஓரிரு நாளில் நுரைகட்டிவிடும். பாலஸ்தீனத்தில் திராட்சை அறுப்பு ஆகஸ்ட், செப்டம்பரில். ஆண்டவர் கடைசி இராப்போஜனம் பண்ணிய பஸ்கா பண்டிகை வருவது மார்ச், ஏப்ரலில். இடையில் ஆறு மாதத்துக்கு மேல். சாற்றைப் பாகாகக் காய்ச்சி வைக்கும் வழக்கம் அக்காலத்திலும் இருந்தது, உண்மைதான். ஆனால் கானாவூரில் பந்திவிசாரிப்புக்காரன் மணவாளனை அழைத்து மெச்சியது தண்ணீர் கலந்த பாகை அல்ல.

புளிக்காத சாற்றைப் புட்டியில் அடைத்துத் திருவிருந்துக்குக் கொடுக்கும் முறை 1869-இல் வந்தது. அமெரிக்காவின் நியூஜெர்சியில் வைன்லாந்து என்ற ஊரில் தாமஸ் பிராம்வெல் வெல்ச் என்ற பல்மருத்துவர், மெதடிஸ்ட் சபையார், பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டரின் சூடாக்கிக் கெடாமல் வைக்கும் முறையைத் திராட்சைச் சாற்றுக்குப் பயன்படுத்தினார். நல்ல காரியம். குடியிலிருந்து மீண்டவருக்கும் அந்தப் பந்தியில் இடம் கிடைத்தது. அன்பினால் செய்த அந்த ஏற்பாட்டை ஆண்டவரே போட்ட சட்டம் என்று எழுதும்போதுதான் தவறு தொடங்குகிறது. கொரிந்து சபையில் கர்த்தருடைய பந்தியிலேயே ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் வெறித்திருந்தான். பவுல் அவர்களைக் கடுமையாகக் கடிந்துகொண்டார். கிண்ணத்தில் இருந்ததை மாற்றச் சொல்லவில்லை. தன் உடன் ஊழியன் தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்னவரும் அவரே. கட்டுரையாளர் தீமோத்தேயுவை எந்தப் பட்டியலில் வைப்பார்?

பழைய ஏற்பாட்டில் விரதம் பூண்ட நசரேயர் திராட்சைப் பழத்தையும் வற்றலையும்கூடத் தொடவில்லை. ரேகாபின் வம்சத்தாரான ரேகாபியர் தகப்பன் சொல்லுக்காகக் குடிக்கவில்லை. இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவ அமைப்பில் போர்ச்சேவகராகச் சேர்கிறவர் மதுவைத் தொடுவதில்லை என்று உடன்படிக்கையில் கையெழுத்திடுகிறார். இவையெல்லாம் மனதார எடுத்த விரதங்கள். அவற்றை நான் வணங்குகிறேன். தன் விரதத்தை அடுத்தவன் இரட்சிப்புக்கு நிபந்தனையாக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் திருப்பலிக்குத் திராட்சையின் இயற்கையான இரசமே வேண்டும், அது கெட்டிருக்கக் கூடாது என்கிறது. மதுவைத் தொடக்கூடாத உடல்நிலையிலுள்ள குருக்களுக்கும் விசுவாசிகளுக்கும், ஆயரின் அனுமதியோடு, புளிப்பு தொடக்கத்திலேயே நிறுத்தப்பட்ட சாற்றைப் பயன்படுத்த இடம் கொடுத்திருக்கிறது. அந்த வரியின்படி அவர்கள் எல்லாரும் கெட்டுப்போனவர்களா?

இனி, நம் சபைகளில் உண்மையில் நடப்பது. சாறுதான் என்று அறிவித்துவிட்டு, பழம் கிடைக்காத வாரத்தில் கடையில் வாங்கிய வைனில் தண்ணீரும் சர்க்கரையும் கலக்கிறார்கள். வேறு சில இடங்களில் உலர்திராட்சையைச் சர்க்கரையோடும் ஈஸ்டோடும் பரணியில் மூன்று வாரம் ஊறவைத்து, அதையும் சாறு என்றே சொல்கிறார்கள். அது முழு வைன். கொதிக்கவைத்தால் ஆல்கஹால் போய்விடும் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. குறையும், முழுதும் போகாது.

இதனால் யாருக்குக் கேடு என்று சொல்கிறேன். குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரை எடுக்கிறவருக்குச் சிறிதளவு ஆல்கஹாலும் ஆகாது. முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரை போகும். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து உண்டு. இந்த மாத்திரையைக் கணவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்கும் பெண்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அது உயிருக்கு ஆபத்து. அப்படிப்பட்ட ஒருவர் முழங்காலிட்டுக் கிண்ணத்தை வாங்கும்போது உள்ளே இருப்பது என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

சாறு வைப்பதென்றால் சாறாகவே வையுங்கள், கடினமில்லை. ஐந்து கிலோ பன்னீர் திராட்சையில் ஏறத்தாழ மூன்று லிட்டர் கிடைக்கும். ஆளுக்கு 10 மி.லி. என்றால் 300 பேருக்குப் போதும். காம்பு நீக்கிக் கழுவி, எவர்சில்வர் பாத்திரத்தில் மசியுங்கள். விதை நொறுங்கினால் கசக்கும், ஆகவே மிக்சி வேண்டாம். பித்தளையும் அலுமினியமும் புளிப்போடு சேரும், அவையும் வேண்டாம். தளதளவென்று கொதிக்கவிடாமல் 80 டிகிரி அளவில் பத்து நிமிடம் வைத்துத் துணியில் வடிகட்டுங்கள். வெந்நீரில் கொதித்த புட்டிகளில் சூட்டோடு ஊற்றி மூடி, அதே சூட்டிலுள்ள தண்ணீரில் இருபது நிமிடம் நிறுத்துங்கள். ஆறியதும் குளிர்பெட்டியில் வையுங்கள். திறந்த புட்டி மூன்று நாளுக்கு மேல் ஆகாது. பெரும்பாலும் தவறு நடப்பது சனிக்கிழமை இரவில்: வடிகட்டிய சாற்றைச் சூடாக்காமல் மேசைமேல் மூடிவைத்துவிட்டுப் போவார்கள். காலையில் மூடி தூக்கியிருந்தாலோ குமிழி தெரிந்தாலோ அதைப் பந்திக்குக் கொண்டுபோகாதீர்கள்.

சாறு ஒருபுறம் இருக்கட்டும். எனக்கு அதிக வேதனை தருவது மூன்று நாள் உபவாச ஜெபங்கள். தினமும் அதிகமாகக் குடிக்கிறவரைத் திடீரென நிறுத்தவைத்து, சோறு தண்ணீர் இல்லாமல் உட்காரவைக்கிறார்கள். ஆறு மணி நேரத்திலிருந்தே கை நடுங்கும், வியர்க்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்கிறது, பாம்பு வருகிறது என்று அலறுவார்கள். அதைப் பார்த்துப் பிசாசு வெளியேறுகிறது என்று நாலுபேர் சேர்ந்து அமுக்கிப் பிடிக்கிறார்கள். அது மருத்துவமனையில் உடனே சேர்க்கவேண்டிய நிலை. சிகிச்சை இல்லாவிட்டால் சாவும் நேரும். அங்கே நடுக்கத்துக்கு மருந்தும், தையமின் என்ற பி1 வைட்டமின் ஊசியும் கொடுப்பார்கள். பக்கத்துக் கிளினிக்கில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் போதும் என்று நினைப்பதும் தவறு; தையமின் முதலில் போகாவிட்டால் மூளை கெடக்கூடும். ஜெபம் வேண்டாம் என்று எந்தச் செவிலியரும் சொல்லமாட்டார். கட்டிலருகே ஜெபியுங்கள்.

குடிக்கிறவன் இரட்சிக்கப்படாதவன் என்று நீங்கள் அச்சிட்டால் அவன் வீட்டார் வியாதியை மறைப்பார்கள், சிகிச்சை தாமதமாகும். இதே சபைகளில் வரதட்சிணை பேசி முடித்த கல்யாணத்துக்கு மூன்று ஞாயிறும் திருமண அறிவிப்பு ஓலை வாசிக்கிறோம். 1961-இலேயே வரதட்சிணையைத் தடுக்கும் சட்டம் வந்துவிட்டது. கந்துவட்டிக்குக் கொடுப்பவர் கமிட்டியில் இருக்கிறார். அவர்களைப் பற்றி, அவர்கள் இரட்சிப்பைப் பற்றி, தங்கள் இதழில் இப்படி ஒரு வரி வந்து நான் பார்த்ததில்லை. நெடுநாள் சந்தாதாரராக இதைச் சொல்ல எனக்கு மனம் கூசுகிறது, ஆனாலும் சொல்லவேண்டியிருக்கிறது.

மறுப்புக் கட்டுரை எதுவும் கேட்கவில்லை. கானாவூர் பற்றிய அந்த வரி கட்டுரையாளரின் சொந்தக் கருத்து, திருச்சபையின் உபதேசம் அல்ல என்று அடுத்த இதழில் ஒரு குறிப்பு போடுங்கள். அதோடு, திருவிருந்து ஆராதனைக்கு முந்தின ஞாயிறே கிண்ணத்தில் வைப்பது வைனா சாறா என்று ஒவ்வொரு சேகரத்திலும் அறிவிக்கவேண்டும் என்று போதகர்களுக்குத் தங்கள் இதழ் மூலம் ஒரு வேண்டுகோள் விடுத்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
பாளையங்கோட்டை