செயலாளர் ஆண்டறிக்கை: உருக்குவதற்கு முன்

தலைவர் அவர்களுக்கும் பொருளாளருக்கும் நம் பழைய நகை சேகரிப்போர் சங்கத்தின் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றே கட்டிவிட்டால் நல்லது. நான் சொல்ல வந்தது வேறு. தங்கம் விலை ஏற ஏற, பழைய நகைகள் வீட்டை விட்டுப் போகும் வேகமும் கூடிவிட்டது. மதுரை தெற்கு ஆவணி மூல வீதி நகைக் கடைகளில் பாட்டி நகையைப் போட்டுவிட்டுப் பேத்திக்குப் புது நகை எடுத்துப் போகிறார்கள். அதைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை, அவர்கள் சொத்து, அவர்கள் தேவை. ஆனால் நகை உருகியதோடு அதைப் போட்டிருந்தவரைப் பற்றிய பேச்சும் அந்த வீட்டில் நின்றுபோகிறது. அதனால் இந்த ஆண்டு வாங்குவதைக் குறைத்து, கேட்டு எழுதுவதைக் கூட்டினோம்.

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பாம்படம் என்னும் பெரிய காதணி போட்ட அப்பத்தா ஒருவரைப் பார்த்தோம். சிறு வயதிலேயே காதைக் குத்தி, குணுக்கு மாட்டித் துளையைப் பெரிதாக்கி, அப்புறம்தான் பாம்படமோ தண்டட்டியோ ஏறும். அடுத்த தலைமுறையில் பலர் அந்தத் தொள்ளைக் காதை ஆஸ்பத்திரியில் தைத்துக்கொண்டார்கள். பாம்படத்துக்கு மேலே தங்கத் தகடு, உள்ளே அரக்கு. பார்வைக்குப் பெரிதாக இருந்தாலும் அரக்கைக் கழித்துத்தான் கடையில் விலை போடுவார்கள். "எப்பவும் இதப் போட்டுக்கிட்டேதான் இருப்பீங்களா அப்பத்தா?" என்று நம் உறுப்பினர் கேட்டார். "எங்க தாயி, அது காதுல கெடந்த நாளவிட அடகுக் கடையில கெடந்த நாள்தான் அதிகம். அத வச்சுத்தான் கெணறு வெட்டுனோம், பெரியவனப் படிக்க வச்சோம்" என்றார்.

பிறகு ஒரு தகரப் பெட்டியைத் திறந்து பழைய அடகுச் சீட்டுகளைக் காட்டினார். ஒவ்வொன்றிலும் தேதி, எடை, தொகை. விதைப்புக்கு முன்னால் வைத்து அறுப்புக்குப் பின்னால் மீட்டிருக்கிறார்கள். மழை பொய்த்த வருடங்களில் வட்டி மட்டும் கட்டியிருக்கிறார்கள். அவருடைய அக்காவின் ஜோடி மீட்க முடியாமல் மூழ்கிப்போனதாம். அதைச் சொல்லும்போது தன் காதைத் தொட்டுக்கொண்டார். அந்தக் குடும்பத்தின் விவசாயக் கணக்கு முழுவதும் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. இனி எந்த வீட்டுக்குப் போனாலும் நகையோடு அடகுச் சீட்டையும் கேட்டுப் படம் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காசுமாலைகளும் சில பார்த்தோம். சவரன் என்னும் பிரிட்டிஷ் தங்கக் காசில் கோத்தவற்றில் விக்டோரியா, எட்வர்டு, ஜார்ஜ் தலைகள் கலந்தே இருக்கும். ஒரு காசு 7.98 கிராம், 22 காரட். காசில் உள்ள ஆண்டை மாலையின் வயது என்று எழுதிவிடக் கூடாது. கடைசிக் காசின் ஆண்டுக்கு முன்னால் மாலை இப்போதுள்ள வடிவத்துக்கு வந்திருக்காது, அவ்வளவுதான் சொல்ல முடியும். 1942இல் பர்மாவிலிருந்து நடந்தே வந்த ஒரு குடும்பத்தில், துணி மடிப்புக்குள் வைத்துத் தைத்துக் கொண்டுவந்த சிவப்புக்கல் தோட்டைக் காட்டினார்கள். வழியில் இறந்த குழந்தையின் பெயரை அந்தத் தோட்டோடு சேர்த்தே சொல்கிறார்கள். அதை அப்படியே பதிந்திருக்கிறோம்.

வயதான ஆசாரி ஒருவர் நம் கூட்டத்துக்கு வந்து 1963 ஜனவரியைப் பற்றிப் பேசினார். தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்து, 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்றானதும் பட்டறைகளில் நெருப்பு அணைந்துபோன காலம் அது. 1968இல் தனிச் சட்டமே வந்தது, அந்தச் சட்டத்தை 1990இல்தான் நீக்கினார்கள். அந்தக் காலத்து நகை மட்டமான தங்கம் என்று ஒதுக்குகிறவர்கள், அதைச் செய்த கைகள் எந்த நெருக்கடியில் இருந்தன என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

உறுப்பினர்கள் அடிக்கடி கேட்பவற்றுக்குச் சுருக்கமாகப் பதில்: ஹால்மார்க் முத்திரை இல்லை என்பதற்காகப் பழைய நகை செல்லாததாகிவிடாது. 2021 முதல் வந்த கட்டாயம் கடைக்காரர் விற்கும் நகைக்குத்தான். நூறு ஆண்டு கடந்த நகை தொல்பொருள் சட்டத்தில் வரும், தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை உண்டு. அரக்கு வைத்த நகையை வெந்நீரில் போடாதீர்கள். பின்பக்கம் மூடிய கல் நகையைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைக்கவும் கூடாது, ஈரம் உள்ளே போனால் கல்லுக்கு அடியிலுள்ள தகடு கறுத்துக் கல்லின் நிறம் செத்துவிடும்.

கீழடி அருங்காட்சியகத்துக்கும் போய் வந்தோம். சூதுபவள மணிகளையும் தங்க அணிகலன்களையும் பார்த்தபோது, இதைப் போட்டவர் யார் என்று ஓர் உறுப்பினர் கேட்டார். அங்கே பதில் சொல்ல ஆள் இல்லை. நம் வீடுகளில் இன்னும் ஆள் இருக்கிறார்கள், பலருக்கு எண்பது வயதைத் தாண்டிவிட்டது.

வரும் ஆண்டுக்கு நிர்வாகக் குழு மூன்று தீர்மானங்களை முன்வைக்கிறது. பதிவு செய்யப் போகும் வீட்டில் எந்த உறுப்பினரும் நகைக்கு விலை பேசக் கூடாது. "எவ்வளவு தருவீங்க" என்ற கேள்வி வந்தபின் கதை வருவதில்லை. திருட்டு பயம் இருப்பதால் பெயரும் முகவரியும் படத்தோடு சேராமல் தனி நோட்டில், தலைவரின் பொறுப்பில் இருக்க வேண்டும். உருக்கக் கொடுக்கப் போகும் குடும்பம் தகவல் சொன்னால், அன்றைக்கே ஒருவர் கேமராவும் நோட்டும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அதற்கு வண்டி உள்ள உறுப்பினர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கவும்.

தீர்மானங்களைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்