ஐந்தரையிலிருந்து நாலுக்கு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிவிட்டது. பதில் எழுதாததற்குச் சோம்பல் காரணமில்லை. உன் குரல் எதுவரை எட்டும், எந்த வரிசைக்குப் பொருந்தும் என்று நீ கேட்டிருந்ததற்குப் பதில் சொல்ல, நானே கீபோர்டு முன் உட்கார்ந்து சிலதைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. முட்டி வலி இப்போது தேவலை. மகளுக்கு வேலை மாற்றம் உறுதியாகிவிட்டது. வீட்டுச் செய்தி அவ்வளவுதான், மற்றதெல்லாம் பாட்டு.

முதலில் வாழ்த்து. ஐம்பத்தைந்து வயதில் சேர்ந்திசைக் குழுவில் போய் நின்று "எனக்கும் பாட ஆசை" என்று சொல்ல உனக்குத்தான் வரும். பள்ளிக்கூடப் பிரார்த்தனை வரிசையில் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வாயை மட்டும் அசைத்தவள் நீ. நான் மறக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போனில் ஏதோ செயலியைப் போட்டுப் பார்த்தாயாம், உனக்கு மூன்று ஸ்தாயி (ஒரு 'ஸ'விலிருந்து அடுத்த 'ஸ' வரை ஒரு ஸ்தாயி) என்று காட்டியதாம், கூடவே 'ஆல்டோ', அதாவது பெண்களில் கீழ்க்குரல், என்று சான்றிதழும் கொடுத்துவிட்டதாம். கோபித்துக்கொள்ளாதே, அந்த மூன்றில் ஒன்றைக் கழித்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

காலையில் எழுந்ததும் பாடிப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறாயே, அங்கேதான் முதல் தப்பு. இரவெல்லாம் படுத்துக் கிடந்ததில் குரல்நாண் லேசாக உப்பியிருக்கும். கனம் கூடினால் அதிர்வு குறையும். காலைக் குரல் எப்போதும் கொஞ்சம் கீழேதான் கிடக்கும். பதினோரு மணிக்குத் தேடினால் அந்த ஸ்வரங்கள் காணாமல் போயிருக்கும். அப்புறம், கடைசியில் கதவு கிறீச்சிடுவது போல 'கர்ர்' என்று ஒன்று வந்தது, அதையும் செயலி கணக்கில் எடுத்துக்கொண்டது என்கிறாய். அது பாடுகிற ஸ்வரம் இல்லையடி. குரல்நாண் தளர்ந்து, விட்டு விட்டுத் தட்டுகிற ஓசை. அதில் ஒரு வரி பாட முடியுமா சொல்லு. மேலே வந்த எலிக்குஞ்சுக் கீச்சும் அப்படித்தான். போதாததற்கு, போன் மைக் கீழ் ஒலிகளைச் சரியாகப் பிடிக்காது. நாம் ஒரு ஸ்வரம் பாடினால் அதன் இரட்டை, மும்மடங்கு அதிர்வுகளும் சேர்ந்தே வரும். அடிப்படை அதிர்வைக் கோட்டைவிட்டு இரட்டையைப் பிடித்துக்கொண்டால், செயலி ஒரு ஸ்தாயி தள்ளித்தான் காட்டும்.

மூஞ்சியைத் தொங்கப்போடாதே. இரண்டு ஸ்தாயி தாராளம். மந்திர பஞ்சமத்திலிருந்து, அதாவது கீழ் ஸ்தாயி 'ப'விலிருந்து, தார பஞ்சமம் என்கிற மேல் ஸ்தாயி 'ப' வரை எண்ணினால் சரியாக இரண்டு ஸ்தாயி. கர்நாடக இசையில் பெரும்பாலான உருப்படிகள் அதற்குள் அடங்கிவிடும். எத்தனையோ சினிமாப் பாட்டுக்கு ஒன்றரைகூட வேண்டாம்.

எனக்கு இதெல்லாம் புரிந்ததே போன வருஷம்தான். நான் பாட்டு கற்றுக்கொள்ளப் போன இடத்தில் டீச்சர் எல்லோருக்கும் ஒரே சுருதியில் சொல்லிக்கொடுத்தார். ஐந்தரைக் கட்டை. ஷட்ஜத்தை, அதாவது 'ஸ'வை, கீபோர்டில் எங்கே வைக்கிறோம் என்பதற்கான எண்தான் கட்டை. எண் ஏறினால் சுருதி ஏறும். அவருக்கு அது வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். வகுப்பில் எட்டுப் பேர், எட்டுப் பேருக்கும் ஐந்தரை. ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரை, இரண்டு. பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை, ஆறு என்று பேச்சுவாக்கில் ஒரு கணக்கு சொல்வார்கள். தப்பான கணக்கு இல்லை. ஆனால் அது என் தொண்டையைப் பார்த்துப் போட்ட கணக்கும் இல்லை.

தார பஞ்சமம் வந்தாலே எனக்குக் கழுத்து நரம்பு புடைக்கும், தாடை முன்னால் நீளும். ஆனாலும் எட்டிவிடுவேன். அதுதான் வம்பாகப் போனது. எட்டாமல் இருந்திருந்தால் அன்றைக்கே கட்டையைக் குறைத்திருப்பார்கள். ஒரு மணி நேரம் பாடினால் அரை நாள் கரகரப்பு. "பாடப் பாடப் பழகிவிடும்" என்றார்கள். இருபத்தைந்து வருஷம் பழகினேன். நடுவில் பல வருஷம் பாடாமலே இருந்ததற்கு நேரமில்லை, குடும்பம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அதுவல்ல. பாடினால் வலித்தது.

போன வருஷம் ஒரு மத்தியானம் வீட்டில் யாருமில்லை. 'ஆ' என்று ஒரே மூச்சில், சறுக்குமரத்தில் தலைகீழாக ஏறுவது போலக் கீழிருந்து மேலே இழுத்துக்கொண்டு போனேன். ஓர் இடத்தில் குரல் சட்டென்று கால் தடுக்கியது. மறுபடி போனேன், அதே இடம். மெதுவாகப் போனேன், வேகமாகப் போனேன், கண்ணை மூடிக்கொண்டு போனேன். ஒவ்வொரு தடவையும், கீபோர்டு ஸ்வரங்களுக்கு ஆங்கில எழுத்தில் பெயர் சொல்வார்களே, அதில் நடு 'சி'க்கு மேலே உள்ள 'எஃப்' அருகில்தான் தடுக்கியது. நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தேன். எஃப்புக்குக் கீழே கைக்கு அதிர்வு தெரிகிறது. தாண்டியதும் கை சும்மா இருக்கிறது, அதிர்வு மண்டைக்குள் போய்விடுகிறது, குரலும் மெலிகிறது. நெஞ்சுக் குரல், தலைக் குரல் என்கிறார்களே, இரண்டும் சேரும் மூட்டு அது. பெண்களில் நிறையப் பேருக்கு இந்த அக்கம்பக்கத்தில்தான் இருக்குமாம். நன்றாகப் பாடுகிறவர்கள் மூட்டு தெரியாமல் பூசி மெழுகிவிடுகிறார்கள்.

ஐந்தரைக் கட்டை வைத்துக்கொண்டால் அந்த எஃப் எந்த ஸ்வரத்தில் விழுகிறது என்று விரல்விட்டு எண்ணினேன். ஐந்தரை என்பது ஜி ஷார்ப், ஜியை அடுத்த கறுப்பு. அதில் ஷட்ஜம் என்றால், எஃப் சதுஸ்ருதி தைவதம், 'த'வில் ஒரு வகை! சங்கராபரணம், கல்யாணி, மோகனம் எல்லாவற்றிலும் வருகிற தைவதம். இத்தனை வருஷமாக நான் மத்திய ஸ்தாயியில் தைவதத்துக்கு வரும்போதெல்லாம் படி இல்லாத இடத்தில் காலை வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். "தைவதத்தில் சுருதி விலகுகிறது, கவனம் போதவில்லை" என்று வாங்கிய திட்டு கொஞ்சமா?

கீபோர்டில் நாலு கட்டைக்கு இறக்கினேன். இப்போது எஃப்பே ஷட்ஜம். மூட்டு தார ஷட்ஜத்துக்குப் போய்விட்டது, மத்திய ஸ்தாயி முழுக்க மூட்டுக்கு இந்தப் பக்கம். மேலே தார பஞ்சமம், முன்பு டி ஷார்ப்பில் இருந்தது, 'சி'க்கு வந்துவிட்டது. பார்த்தால் கீபோர்டில் கறுப்பையும் சேர்த்து மூன்றே படி. அதிர்வுக் கணக்கில் விநாடிக்கு 622 இருந்த இடத்தில் 523. குரல்நாண் விநாடிக்கு நூறு தடவை குறைவாகத் தட்டிக்கொண்டால் போதும். அன்று ஒரு மணி நேரத்துக்கு மேல் பாடினேன். முடித்த கையோடு மகளிடமிருந்து போன் வந்தது. பேச ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது, என் குரல் அப்படியே இருக்கிறது. கரகரப்பு இல்லை. அவள் என்னவோ சொல்லிக்கொண்டிருக்கிறாள், நான் என் குரலையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நாலு கட்டை என்று வெளியே சொல்ல முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. உயரமாகப் பாடுவதுதான் திறமை என்று எப்படியோ மண்டையில் ஏறிவிட்டது. இதில் வயசுக்கும் பங்கு உண்டு. பதின்மூன்று பதினாலு வயதில் பையன்களுக்குக் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கும், எல்லோரும் கேலி செய்வார்கள். நமக்கும் அந்த வயதில் மூன்று நாலு படி இறங்குகிறது, யார் கண்ணிலும் படுவதில்லை. மாதவிடாய் நின்ற பிறகு இன்னும் கொஞ்சம் இறங்கி, மேல் ஸ்வரங்கள் சில கழன்றுகொள்ளும். அதனால் இருபது வயதில் யாரோ எழுதிக்கொடுத்த கட்டையை ஆயுளுக்கும் வைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை. எனக்கு இந்த மூன்று படியில் வயசு எடுத்தது எவ்வளவு, ஆரம்பத்திலிருந்தே தப்பாக இருந்தது எவ்வளவு என்று பிரிக்க இப்போது வழியில்லை.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன், உனக்குப் பிடிக்கும். பாடும்போது தன் குரல்நாண் எப்படி அசைகிறது என்று கண்ணால் பார்த்து எழுதிவைத்தவர் டாக்டர் இல்லை, பாட்டு வாத்தியார். மானுவேல் கார்சியா. 1854இல் பல் மருத்துவர் வைத்திருக்கும் குட்டிக் கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்து, இன்னொரு கண்ணாடியால் வெயிலை உள்ளே திருப்பி, தன் தொண்டையைத் தானே பார்த்திருக்கிறார். 1805இல் பிறந்து 1906 வரை இருந்தார். குமட்டல் வராமல் எப்படித்தான் செய்தாரோ!

இனி உன் கதை. மறுபடி பார்ப்பதானால் நடுப்பகலில் பார். பத்து நிமிஷம் வாயை மூடி முனகிக்கொண்டே இரு, குழந்தைகள் பஸ் ஓட்டுவது போல உதட்டை 'ப்ர்ர்ர்' என்று அடி. யாரும் பார்க்கமாட்டார்கள். பிறகு சாதாரணமாக "ஒன்று, இரண்டு, மூணு" என்று சொல்லி, மூணை அப்படியே நீட்டு. நீ பேசுகிற சுருதி அது. பெண்களுக்குப் பொதுவாக விநாடிக்கு இருநூறு அதிர்வுக்குப் பக்கத்தில் இருக்கும். ஐந்து கட்டை ஷட்ஜம் 196 என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டால் கீபோர்டில் தேடுவது சுலபம். அங்கிருந்து கறுப்பு வெள்ளை ஒன்றையும் விடாமல் கீழே இறங்கு, ஒவ்வொன்றிலும் நாலு விநாடி நில். காகிதத்தில் இரண்டு கோடு போட்டுக்கொள். 'எட்டுகிறது' ஒரு கோடு, 'பாடலாம்' ஒரு கோடு. நான் பாடலாம் என்று சொல்வது, அந்த ஸ்வரத்தில் நின்று ஒரு சொல்லை மூன்று தடவை தெளிவாக உச்சரிக்க முடிய வேண்டும். 'ஆ'வில் வருவது 'ஈ'யில் வராமல் போகலாம், அதையும் பார்த்துக்கொள். மேலேயும் இதேபோல. எட்டுகிற கோட்டை உன் வீட்டுக்காரரிடம் காட்டிப் பெருமை அடித்துக்கொள், பாடுவதற்கு இரண்டாவது கோடுதான். தனியாகப் பாடச் சுருதி வேண்டுமென்றால், பாடலாம் கோட்டின் அடி ஸ்வரத்தை மந்திர பஞ்சமமாக வைத்துக்கொண்டு ஐந்து படி மேலே எண்ணு, கறுப்பையும் சேர்த்துத்தான். அங்கே ஷட்ஜம். அந்தச் சுருதியில் தார பஞ்சமம் தாடையை நீட்டாமல் வருகிறதா என்று பார்த்துவிட்டால் முடிந்தது.

சேர்ந்திசைக்கு வேறு கணக்கு. அங்கே பெண்களுக்கு இரண்டே வரிசை. மேல்வரிசையான சொப்ரானோ நடு 'சி'யிலிருந்து இரண்டு ஸ்தாயி, ஆல்டோ அதற்குக் கீழே உள்ள எஃப்பிலிருந்து இரண்டு ஸ்தாயி. கூட்டிக் கழித்துப் பார், கிட்டத்தட்ட ஒன்றரை ஸ்தாயி இரண்டு பேருக்கும் பொது. அப்புறம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை வைத்து உன்னை எப்படிப் பிரிப்பது? பெண்களில் பெரும்பாலோருக்கு இரண்டுக்கும் நடுவான மெஸ்ஸோ குரல்தான், ஆனால் மெஸ்ஸோவுக்குத் தனி வரிசை கிடையாது. ஏதாவது ஒரு பக்கம் ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான். எந்தப் பக்கம் என்பதற்குக் குரலின் கனம், மூட்டு இருக்கும் இடம், எந்த உயரத்தில் அரை மணி நேரம் சளைக்காமல் நிற்கிறாய் என்பதெல்லாம் சேர்த்துத்தான் பார்ப்பார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நம்மில் பலர் தலைக் குரலைப் பழகியதே இல்லை. நெஞ்சுக் குரல் முடிகிற இடத்தோடு என் குரல் முடிந்தது, நான் ஆல்டோ என்று முடிவு கட்டிவிடுவார்கள். நீயும் அப்படியோ என்று சந்தேகம். எலிக்குஞ்சு என்று மேலே கேலி செய்தேனே, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அது பழக்கமில்லாத தலைக் குரலாக இருக்கலாம். இரண்டு மாதம் மெதுவாகப் பாடிப் பார்த்துவிட்டு அப்புறம் சொல். ஆல்டோவிலேயே நிற்கவைத்தாலும் குறைந்துபோகாது. மெட்டு பெரும்பாலும் சொப்ரானோவிடம் போய்விடும், ஆல்டோவுக்குத் துணைவரிதான். பக்கத்திலிருப்பவர் பாடுவதில் இழுபடாமல் நிற்கக் காது கெட்டியாக இருக்க வேண்டும். உன் காது கெட்டி.

உன் வீட்டுக்காரர் தன்னை டெனார், அதாவது ஆண்களில் உயரக் குரல், என்று சொல்லிக்கொள்கிறாராமே. சொல்லிக்கொள்ளட்டும். ஆண்களில் பெரும்பாலோர் நடுக்குரலான பாரிடோன்தான். ஆனால் இதை நான் சொன்னதாகச் சொல்லாதே.

கடைசியாக, தொண்டையில் மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு நின்றால் கஷாயம், ஆவி என்று நாளைக் கடத்தாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடு.

எந்த வரிசையில் நிறுத்தினார்கள் என்று எழுது. அதற்கு முன்னால் உனக்குப் பிடித்த ஏதாவது ஒரு பாட்டை ஒருநாள் ஐந்தரையில், இன்னொரு நாள் நாலரையில், முழுசாகப் பாடிப் பதிவு செய்து அனுப்பு. எது எந்தக் கட்டை என்று சொல்லாதே. பாடி முடித்ததும் "சரியா இருக்கா?" என்று கேட்பாயே, அதை வெட்டாமல் விட்டுவிடு. நான் அதைத்தான் முதலில் கேட்பேன்.

என்றும் அன்புடன்,
பிரார்த்தனை வரிசையில் உனக்கு முன்னால் நின்றவள்