முதல் லோடு இறங்கும்போதே அனுப்ப வேண்டிய நோட்டீஸ்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் கட்டட வேலை செய்துவிட்டுப் பணம் வராமல் தவிக்கும் சிறு ஒப்பந்ததாரர்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தோம். ‘பணம் தராவிட்டால் அந்தச் சொத்தின் மீதே லீன் பதிவு செய்துவிடலாம்’ என்று அதில் ஒரு வரி வருகிறது. லீன் என்பது வர வேண்டிய பாக்கிக்காக அந்தச் சொத்தின் மீது பதிவு செய்யும் உரிமைக் கோரிக்கை. கலிஃபோர்னியாவைப் பொறுத்தவரை இது பாதி உண்மைதான். மீதிப் பாதி தெரியாததால் நியாயமான பாக்கிகள் பல கைவிட்டுப் போகின்றன.

வீட்டுக்காரரோடு நேரடி ஒப்பந்தம் இல்லாத சப் கான்ட்ராக்டருக்கும், சிமென்ட், மரம், டைல்ஸ் போன்றவற்றைத் தரும் சப்ளையருக்கும் லீன் உரிமை தானாக வந்துவிடாது. வேலை தொடங்கிய, அல்லது முதல் பொருள் வந்து இறங்கிய நாளிலிருந்து 20 நாளுக்குள் ‘பிரிலிமினரி நோட்டீஸ்’, அதாவது ‘இந்த வேலையில் நானும் இருக்கிறேன்’ என்று முன்கூட்டியே தெரிவிக்கும் அறிவிப்பு, கொடுத்திருக்க வேண்டும். மாநில சிவில் சட்டத்தின் 8200-ஆவது பிரிவிலிருந்து இதற்கான விதிகள் தொடங்குகின்றன. நோட்டீஸ் மூவருக்குப் போக வேண்டும்: சொத்தின் உரிமையாளர், பிரதான ஒப்பந்ததாரர், கட்டுமானக் கடன் இருந்தால் அதைக் கொடுத்த வங்கி. உரிமையாளரோடு நேரடியாக ஒப்பந்தம் போட்டவர் வங்கிக்கு மட்டும் அனுப்பினால் போதும். கூலிக்கு வேலை செய்யும் தொழிலாளிக்கு இந்த நிபந்தனையே கிடையாது.

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். பில் போட்டு, 30 நாள் காத்திருந்து, இரண்டு முறை போனில் கேட்டுப் பார்த்து, அதன் பிறகுதான் நோட்டீஸ் நினைவுக்கு வருகிறது. அதற்குள் 20 நாள் எப்போதோ கடந்திருக்கும். இந்த நோட்டீஸுக்கும் பணம் தாமதமாவதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பாக்கி என்ற பேச்சே எழாத நாளில், எல்லா வேலைக்கும், நல்ல பார்ட்டி கெட்ட பார்ட்டி என்று பார்க்காமல் அனுப்ப வேண்டிய காகிதம் இது.

தாமதமானால் முழுதும் போய்விடுமா? இல்லை. நோட்டீஸ் கொடுத்த நாளுக்கு முந்தைய 20 நாளில் செய்த வேலைக்கும், அதன் பிறகு செய்யும் வேலைக்கும் பாதுகாப்பு உண்டு. உதாரணமாக, ஒரு சப்ளையர் மார்ச் 1-ஆம் தேதி முதல் பொருள் இறக்குகிறார். ஏப்ரல் 10-ஆம் தேதிதான் நோட்டீஸைத் தபாலில் சேர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 21 முதல் இறக்கிய பொருளுக்கு லீன் உரிமை நிற்கும். அதற்கு முன் இறக்கியதற்கு நிற்காது. அடித்தளத்துக்கான கம்பியும் கான்கிரீட்டும் முதலிலேயே வந்து இறங்குவதால் பெரிய தொகை பெரும்பாலும் அந்த முதல் மூன்று வாரத்தில்தான் இருக்கும். ஆகவே தாமதமாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். இன்றே அனுப்பினால் இன்னும் ஒரு நாள் வேலையாவது காப்பாற்றப்படும்.

அனுப்பும் முறையிலும் கவனம் வேண்டும். நேரில் கொடுக்கலாம், ரிஜிஸ்டர்டு, சர்ட்டிஃபைடு அல்லது எக்ஸ்பிரஸ் தபாலிலோ, மறுநாள் சேர்க்கும் கூரியரிலோ அனுப்பலாம். சாதாரணத் தபால் தலை ஒட்டிய உறை செல்லாது. வாட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்புவதும் செல்லாது. யார், எந்தத் தேதியில், எந்த முகவரிக்கு, எப்படி அனுப்பினார் என்ற உறுதிமொழித் தாளையும் தபால் ரசீதையும் சேர்த்து வைக்க வேண்டும். வழக்கு என்று வந்தால் முதலில் கேட்கப்படுவது இவைதான். நோட்டீஸில் வேலையின் பொது விவரம், மொத்த மதிப்பீடு, உங்களை வேலைக்கு அமர்த்தியவர் பெயர், வேலை நடக்கும் இடம், உரிமையாளருக்குச் சட்டம் சொல்லும் எச்சரிக்கை வாசகம் எல்லாம் இருக்க வேண்டும். அந்த வாசகத்தைச் சுருக்கியோ மாற்றியோ எழுதக் கூடாது. வேலை பின்னால் விரிந்தால் புதிதாக ஒன்று அனுப்பத் தேவையில்லை. ஆனால் ஒரே கட்டடத்தில் இரண்டு சப் கான்ட்ராக்டர்களுக்குப் பொருள் கொடுக்கும் சப்ளையர், இருவருக்காகவும் தனித்தனி நோட்டீஸ் கொடுக்க வேண்டும். இது பலருக்குத் தெரிவதில்லை.

அடிக்கடி விடுபடும் பெயர் வங்கி. வேலைக்கு ஒப்புக்கொள்ளும் நாளிலேயே பில்டிங் பெர்மிட்டின் நகலை வாங்குங்கள். உரிமையாளர், கடன் கொடுத்தவர் விவரத்துக்கு அதில் இடம் உண்டு. சொத்துப் பத்திரங்களைப் பதிவு செய்யும் கவுன்ட்டி (மாவட்ட) ரெக்கார்டர் அலுவலகத்தில் கட்டுமான அடமானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

நோட்டீஸ் சரியாகப் போய்விட்டாலும் அடுத்த கெடுக்கள் காத்திருக்கின்றன. கட்டடம் முடிந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் லீனைப் பதிவு செய்ய வேண்டும். உரிமையாளர் ‘வேலை முடிந்தது’ என்று ரெக்கார்டர் அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டால், சப் கான்ட்ராக்டருக்கும் சப்ளையருக்கும் அன்றிலிருந்து 30 நாள்தான். பிரதான ஒப்பந்ததாரருக்கு 60 நாள். அப்படிப் பதிவு செய்ததை, நோட்டீஸ் கொடுத்தவர்களுக்கு 10 நாளுக்குள் உரிமையாளர் தெரிவிக்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் நான்கு குடியிருப்புகளுக்கு மேற்படாத கட்டடத்தில் தாமே குடியிருக்கும் உரிமையாளருக்கு அந்தக் கடமை இல்லை. எனவே வீட்டு வேலை செய்பவர்கள் வேலை முடியும் தறுவாயில் ரெக்கார்டர் பதிவுகளைத் தாங்களே பார்த்துக்கொண்டிருப்பது அவசியம். லீன் பதிவான 90 நாளுக்குள் வழக்கும் தொடுக்க வேண்டும். தவறினால் அந்த லீனை வைத்து எதுவும் செய்ய முடியாது.

வீட்டுக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த நோட்டீஸ் வந்தால் பலர் பதறி, ‘என் மீது கேஸ் போடப் போகிறாயா’ என்று சண்டைக்குப் போகிறார்கள். உண்மையில் அது உங்களுக்கு உதவும் தகவல். பிரதான ஒப்பந்ததாரருக்கு முழுப் பணமும் கொடுத்திருந்தாலும், அவர் சப் கான்ட்ராக்டருக்குக் கொடுக்காவிட்டால் உங்கள் வீட்டின் மீது லீன் வரலாம். ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் கட்ட நேரலாம். நோட்டீஸ் வந்த பெயர்களையெல்லாம் ஒரு தாளில் குறித்து, ஒவ்வொரு தவணைக்கும் அவர்களிடம் விடுவிப்புப் படிவம் (அந்தத் தொகைக்கான லீன் உரிமையை விட்டுக்கொடுக்கும் தாள்) கேளுங்கள். பணம் கொடுக்கும் முன், பணம் கைக்கு வந்தால்தான் செல்லும் என்ற நிபந்தனையுள்ள படிவம், காசோலை மாறிய பிறகு நிபந்தனையற்றது. பிரதான ஒப்பந்ததாரர், சப் கான்ட்ராக்டர் இருவர் பெயரிலும் சேர்த்துக் காசோலை எழுதுவதும் நல்ல வழி. சப் கான்ட்ராக்டர்கள் இதையே மறுபக்கத்திலிருந்து கவனிக்க வேண்டும்: நிபந்தனையற்ற படிவத்தில் கையெழுத்திட்டால், பணம் வராவிட்டாலும் உரிமை போனது போனதுதான்.

அரசு, நகராட்சி வேலைகளில் லீன் கிடையாது. அங்கே பணத்தை நிறுத்திவைக்கக் கோரும் நோட்டீஸும், பாக்கி கொடுக்கப்படும் என்பதற்கான உத்தரவாதப் பத்திரமான பேமென்ட் பாண்டும்தான் வழி. அதற்கும் சப் கான்ட்ராக்டரோடு ஒப்பந்தம் போட்டவர்கள் பிரிலிமினரி நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். மாநில லைசென்ஸ் தேவைப்படும் வேலையை லைசென்ஸ் இல்லாமல் செய்தவருக்கு எந்த நோட்டீஸும் உதவாது.

கலிஃபோர்னியா விதியை மற்ற மாநிலங்களுக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. ஃபுளோரிடாவில் முதல் வேலை நாளிலிருந்து 45 நாளுக்குள் உரிமையாளருக்கு நோட்டீஸ் போக வேண்டும். தவறினால் இங்கே போல ஒரு பகுதியாவது மிஞ்சாது, லீன் உரிமை முழுதும் போய்விடும். டெக்சஸில் ஒரே ஒரு நோட்டீஸோடு முடியாது. பாக்கியுள்ள ஒவ்வொரு மாத வேலைக்கும், அதற்கு அடுத்த மூன்றாவது மாதம் 15-ஆம் தேதிக்குள், வீட்டு வேலையானால் இரண்டாவது மாதம் 15-ஆம் தேதிக்குள் அனுப்ப வேண்டும்.

‘லீன் பதிவு செய்துவிடலாம்’ என்ற அந்த வரியோடு, ‘20 நாளுக்குள் நோட்டீஸ் கொடுத்திருந்தால்’ என்பதையும் சேர்த்து ஒரு திருத்தம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கட்டுமான பில், லீன் ஆவணப் பணியில் உள்ள வாசகர்கள்,
கலிஃபோர்னியா