சின்னவன் சைக்கிளும் 53 பேர் பட்டியலும்

கிரீன் பே, விஸ்கான்சின்
31.8.2025

அன்புள்ள மாமாவுக்கு,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று அம்மா சொன்னார். கருப்புக் கண்ணாடியோடு திண்ணையில் உட்கார்ந்துகொண்டு அத்தையை விரட்டிக்கொண்டிருப்பீர்கள். போனில் கூப்பிட்டால் "செரி செரி வெச்சர்றேன், காசு ஓடுது" என்று இன்னமும் சொல்கிற ஆள் நீங்கள் ஒருத்தர்தான் (காசெல்லாம் ஓடாது மாமா, எத்தனை தடவை சொல்வது), அதனால்தான் எழுதி அனுப்புகிறேன். பாப்பா படித்துக் காட்டட்டும்.

அந்த ஊரில் அப்படி என்னடா இருக்கிறது என்று போன மாதம் கேட்டீர்களே. மில் இருக்கிறது, குளிர் இருக்கிறது, ஒரு டீம் இருக்கிறது. மில்லில் விசேஷம் ஒன்றும் இல்லை. அப்பா காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து எழுதுகிற பேப்பர் செய்தார், நான் இங்கே துடைக்கிற பேப்பர் செய்கிறேன், அவ்வளவுதான் இரண்டு தலைமுறை வளர்ச்சி. குளிர் இன்னும் வரவில்லை. ஆகவே டீமைப் பற்றித்தான் எழுத முடியும், அதிலும் இந்த வாரம் வேறு எதைப் பற்றியும் இங்கே யாரும் பேசவில்லை.

இது நாம் ஃபுட்பால் என்று சொல்கிற ஆட்டம் இல்லை. பந்து முட்டை மாதிரி இருக்கும், கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள், எதிராளி கட்டிப் பிடித்துச் சாய்ப்பான், காலால் உதைப்பது எப்போதாவதுதான். கபடி பார்த்துப் பழகினவனுக்குப் பாதி ஆட்டம் தானாகப் புரிந்துவிடும். டீம் பெயர் பேக்கர்ஸ். 1919ல் ஆரம்பித்தபோது இந்தியன் பேக்கிங் கம்பெனி என்ற இறைச்சிக் கம்பெனி சட்டை வாங்கக் காசு கொடுத்ததால் வந்த பெயர் (அந்த இந்தியன் நாம் இல்லை, இந்த மண்ணின் பூர்வகுடிகள்). ஊர் கரூரைவிடச் சின்னது, ஒரு லட்சத்துச் சொச்சம் பேர், ஆனால் மைதானத்தில் 81,000 பேர் உட்காரலாம். டீமுக்கு முதலாளி என்று ஒருத்தர் கிடையாது, ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்கள் பங்கு வைத்திருக்கிறார்கள், எங்கள் ஷிஃப்ட் போர்மேன் உட்பட. 2021ல் 300 டாலர் கொடுத்து ஒரு பங்கு வாங்கினாராம். லாபம் ஒரு பைசா வராது, சந்தையில் விற்கவும் முடியாது, ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார், நம் வீட்டில் முருகன் படம் இருக்கிற இடத்தில். அதனால் ஒரு ஆளை எடுத்தாலும் விட்டாலும் ஊரே பெண் பார்த்துவிட்டு வந்த வீடு மாதிரிப் பேசிக்கொண்டே இருக்கும்.

ஆட்டம் செப்டம்பரிலிருந்து பிப்ரவரித் தொடக்கம் வரைக்கும்தான். மிச்ச மாதமெல்லாம் ஆள் பொறுக்குவதும் ஆள் கழிப்பதும். போன சீசனில் 11 ஜெயித்து 6 தோற்று, நாக்கவுட்டில் பிலடெல்பியாவிடம் 22-10 என்று உதை வாங்கி வந்தார்கள். அதற்கு முந்தைய வாரம்தான் வேகமாக ஓடிப் பந்து பிடிக்கிற கிறிஸ்டியன் வாட்சனுக்கு முழங்கால் தசைநார் அறுந்தது. பந்து பிடிக்க ஆள் வேண்டும் என்று அன்றிலிருந்து புலம்பல்.

ஏப்ரலில் டிராஃப்ட். ஐபிஎல் ஏலம் மாதிரி காசைக் காட்டி எடுப்பது கிடையாது, காலேஜ் பையன்களை வரிசையாக எடுக்க வேண்டும், மோசமாக ஆடின டீமுக்கு முதல் முறை. அதை இந்த வருஷம் எங்கள் ஊரிலேயே நடத்தினார்கள். மூன்று நாளில் ஆறு லட்சம் தலை என்று கணக்கு. தைப்பூசத்துக்குப் பழனிப் பாதையில் நடந்தால் எப்படி இருக்கும், அப்படி. 23வது ஆளாக மேத்யூ கோல்டன் என்ற டெக்சாஸ் பையன் பெயரைச் சொன்னதும் எழுந்த சத்தம் எங்கள் வீட்டுக் கொல்லை வரைக்கும் கேட்டது. ஏன் அவ்வளவு சத்தம் என்றால், பந்து பிடிக்கிறவனை இந்த டீம் முதல் சுற்றில் எடுத்து 23 வருஷம் ஆகிறது, கடைசியாக 2002ல். இந்தப் பையன்களை முன்கூட்டியே இண்டியானாபோலிஸில் நிறுத்தி உள்ளங்கை அளவிலிருந்து எல்லாம் அளக்கிறார்கள், 102 கிலோ கம்பியை எத்தனை தடவை தூக்குகிறான், 40 கெஜத்தை எத்தனை நொடியில் ஓடுகிறான் என்று. கோல்டன் ஓடியது 4.29 நொடி. நீங்கள் ஸ்டாப் வாட்ச் இல்லாமல் எங்களைக் காவிரி மணலில் ஓடவிட்டு, மூச்சு வாங்குகிற சத்தத்தை வைத்துக் கபடி டீமுக்கு ஆள் எடுப்பீர்களே, அதுதான் ஞாபகம் வந்தது.

ஜூனில் ஜெய்ரே அலெக்சாண்டரை விட்டார்கள். கார்னர்பேக், அதாவது எதிராளியின் பந்து பிடிக்கிறவனை நிழல் மாதிரி ஒட்டி ஓடுகிறவர். 2022ல் 84 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்ட ஆள். போன இரண்டு சீசனிலும் காயம் அது இது என்று ஏழேழு ஆட்டம்தான் ஆடினார். கொஞ்சம் வாலும் கூட, 2023ல் கேப்டனாக இல்லாமலே டாஸ் போடுகிற இடத்துக்குப் போய் நின்று ஒரு ஆட்டம் சஸ்பெண்ட் ஆனார். சம்பளத்தைக் குறைத்துப் பேசிப் பார்த்து, விற்கவும் பார்த்து, ஒன்றும் படியாமல் விட்டுவிட்டார்கள். ஒரு டீம் ஆட்களுக்கு இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று எல்லை இருக்கிறது, இந்த வருஷம் 279 மில்லியன், நம் காசில் சுமார் 2,400 கோடி. ஒருத்தன் ஆடாமல் உட்கார்ந்திருந்தால் அந்தக் காசில் ஆடக்கூடிய இன்னொருத்தன் வெளியே நிற்கிறான். எனக்கு இதில் வருத்தம் இல்லை.

இந்த ஊரில் ஆளை விடுவது புதிதும் இல்லை. பந்தை வைத்துக்கொண்டு ஆட்டத்தை நடத்துகிற இடத்தில் பிரெட் ஃபார்வ் கொடிகட்டிப் பறந்தபோதே 2005ல் ஆரன் ராட்ஜர்ஸை எடுத்து வைத்தார்கள், ராட்ஜர்ஸ் நன்றாக ஆடிக்கொண்டிருந்தபோதே 2020ல் ஜோர்டன் லவ்வை எடுத்து வைத்தார்கள். நேரம் வந்ததும் இரண்டு பேரையும் நியூயார்க் ஜெட்ஸுக்கே அனுப்பினார்கள். சாமி மாதிரிக் கும்பிட்டவர்களையே அனுப்பியிருக்கிறார்கள். நாமோ 43 வயதில் தோனியை நாலு கோடிக்கு வைத்துக்கொண்டு பத்தாவது இடத்துக்கு வந்தோம். சரி சரி, கோபப்படாதீர்கள், கண்ணுக்கு ஆகாது.

இப்போது சின்னவன் கதைக்கு வருகிறேன். ஜூலைக் கடைசியில் பயிற்சி முகாம் தொடங்கும். மைதானத்திலிருந்து பயிற்சித் திடலுக்குப் போக ஆட்டக்காரர்கள் ஊர்ப் பிள்ளைகளின் சைக்கிளை வாங்கி ஓட்டிக்கொண்டு போவார்கள். ஐம்பது அறுபது வருஷமாக நடக்கிற பழக்கம். தோளில் பெரிய கவசம், காலில் முள் ஷூ, முட்டி நெஞ்சில் இடிக்க இடிக்க அந்தக் குட்டிச் சைக்கிளை மிதிப்பார்கள், பிள்ளை ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்திலேயே ஓடும். சின்னவன் சைக்கிளை எடுத்தது பெரிய ஆள் யாரும் இல்லை, டிராஃப்டில் எந்த டீமும் எடுக்காமல், வந்து முயற்சி பண்ணிப் பார் என்று கூப்பிடப்பட்ட ஒரு பையன். 130 கிலோ இருப்பான். அவன் ஏறி உட்கார்ந்தால் சீட் இரண்டு விரல் கீழே இறங்கிவிடும், சாயந்திரம் நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து அதை ஏற்றி முடுக்குவேன், மறுபடி காலையில் இறங்கிவிடும். மூன்றாவது நாளிலிருந்து அவனே சின்னவனைத் தேடி வந்தான். ஹெல்மெட்டைத் தலையில் போட்டுவிட்டான். அது கழுத்து வரைக்கும் இறங்கி, இவன் கண் தெரியாமல் ஓடி வேலியில் முட்டினான்.

முகாமில் 90 பேர். ஆகஸ்ட் 26, செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்குள் 53 ஆக்க வேண்டும். 37 பேர் வெளியே. விடப்பட்டவர்களை வேறு டீம் யாராவது எடுக்கிறார்களா என்று ஒரு நாள் பார்ப்பார்கள், எடுக்காதவர்களில் 16 பேரைப் பயிற்சி ஆட்களாக இங்கேயே திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம், அதற்கே வாரத்துக்கு 13,000 டாலர். சின்னவன் ஸ்கூல் விட்டு வந்ததும் என் போனைப் பிடுங்கிப் பட்டியலைப் பார்த்தான். 53ல் இல்லை. மறுநாள் 16லும் இல்லை. "அவங்க வீட்டுக்குப் போயிருவாங்களாப்பா" என்று கேட்டான், ஆமாம் என்றேன்.

அந்த நாட்களில் ஒருத்தர் வந்து தோளைத் தட்டி, கோச் கூப்பிடுகிறார், உன் ஆட்டக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு வா என்பாராம். அப்படி வருகிறவருக்கு இங்கே 'டர்க்' என்று பட்டப்பெயர். அவர் நடையில் தெரிந்தால் பையன்கள் பாத்ரூமில் போய் ஒளிந்த கதையெல்லாம் இருக்கிறது. எனக்குப் பதினேழு வயதில், பொங்கல் கபடிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, நீங்கள் வீட்டுக்கு வந்தீர்கள் மாமா. கட்டிலில் உட்கார்ந்து அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, "கண்ணு, இந்தத் தடவ நீ வேண்டாம், பாடிப் போறப்ப எடது காலு பின்னுது" என்றீர்கள். நான் மாசி வரைக்கும் உங்களோடு பேசவில்லை. அந்த இடது கால் இப்போதும் மாடிப்படி ஏறும்போது பின்னுகிறது, உங்களுக்கு அன்றைக்கே எப்படித் தெரிந்தது என்பதுதான் புரியவில்லை. வேறு யாரையாவது அனுப்பிச் சொல்லியிருக்கலாம், அனுப்பவில்லை.

சின்னவன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்து கொஞ்சம் தெளிந்தான், அதற்குள் வியாழக்கிழமை பெரிய குண்டு. டல்லஸிலிருந்து மைக்கா பார்சன்ஸ் வருகிறார். எதிர் டீமின் குவார்ட்டர்பேக்கை, அதாவது பந்தை வைத்துக்கொண்டு ஆட்டத்தை நடத்துகிறவரை, ஓரத்திலிருந்து பாய்ந்து சாய்ப்பதில் எமன். நாலு சீசனில் 52.5 தடவை சாய்த்திருக்கிறார் (அந்த அரை, இன்னொருத்தரோடு சேர்ந்து சாய்த்தால் பாதிப் பாதி). நாலு வருஷத்துக்கு 188 மில்லியன், 1,600 கோடிக்கும் மேல். பதிலுக்கு அடுத்த இரண்டு வருஷ டிராஃப்டின் முதல் சுற்று உரிமை, கூடவே கென்னி கிளார்க்.

கிளார்க்தான் மாமா எனக்கு உறைத்தது. 2016லிருந்து ஒன்பது சீசன் இங்கேதான். நட்ட நடுவில் நிற்கிறவர், இரண்டு பேர் வந்து முட்டினால் இரண்டு பேரையும் தாங்கிக்கொண்டு நிற்பார், அந்தச் சந்தில் பக்கத்து ஆள் புகுந்து பேர் வாங்குவான். நம் கபடி டீமில் கார்னரில் நிற்கிறவன் தொடையைப் பிடித்துக் கைத்தட்டு வாங்கும்போது, பாடி வந்தவனின் உதையை நெஞ்சில் வாங்கிக்கொண்டு நடுவில் ஒருத்தன் நிற்பானே, அந்த ஆள். அக்டோபரில் 30 வயது, போன சீசன் பாதக் காயத்தோடு ஆடி ஒரே ஒரு தடவைதான் சாய்த்தார். கணக்குப்படி சரி. 26 வயதில் பார்சன்ஸ் மாதிரி ஒருத்தர் கைக்கு வருவது எந்த டீமுக்கும் லேசில் அமையாது, முதல் சுற்றில் எடுக்கிற பையன் தேறுவானா என்பதே பாதிக்குப் பாதிதான். நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆனால் நடுவில் பள்ளம் விழுந்துவிட்டது, நேராகப் பந்தை எடுத்துக்கொண்டு இடித்து ஓடுகிற டீம் வந்தால் அங்கேதான் இடிப்பார்கள், பாருங்கள். போர்மேனிடம் சொன்னேன், எனக்கு ஆட்டம் தெரியவில்லை என்றார். அவர் பங்குதாரர், பேசலாம்.

நான் போட்டிருக்கிற பச்சை பனியனில் கிளார்க்கின் 97தான் இருக்கிறது. புதிது வாங்க நூறு டாலருக்கு மேல் ஆகும், இதையே போட்டுக்கொள்கிறேன். செப்டம்பர் 28ல் டல்லஸில் அவர் எதிர்ப் பக்கம் நிற்பார், அன்றைக்கு இதைப் போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்காரக் கூடாது என்று சின்னவன் இப்போதே சொல்லிவிட்டான்.

வருகிற ஞாயிறு முதல் ஆட்டம், டெட்ராய்ட் இங்கே வருகிறது. எங்களுக்கு மதியம் 3.25, உங்களுக்கு ராத்திரி 1.55. முழித்திருக்க வேண்டாம், காலையில் சொல்கிறேன். கண்ணில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சைக்கிள் சீட்டை ஏற்றட்டுமா என்று கேட்டேன், அப்படியே இருக்கட்டும் என்கிறான், முட்டி இடிக்க இடிக்க ஓட்டுகிறான்.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் மருமகன்