கடலை அளக்கும் படகைத் திருகோணமலையிலேயே கட்டலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களை நம் கடலுக்குள் விடுவதா வேண்டாமா என்ற செய்தி பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது. 2024 ஜனவரியிலிருந்து ஒரு வருடத்துக்கு எந்த வெளிநாட்டு ஆய்வுக் கப்பலுக்கும் அனுமதி இல்லை என்று அரசாங்கம் முடிவெடுத்தபோது எந்த நாடு வரலாம், எது வரக்கூடாது என்றுதான் எல்லோரும் பேசினார்கள். யாருமே வராத நாட்களில் இந்தக் கடலை அளப்பது யார் என்ற கேள்வியை நான் வாசித்த எந்தப் பக்கத்திலும் காணவில்லை. இரண்டு உடல்களை இணைத்த பாய்ப்படகு ஒன்றை இங்கேயே கட்டி நாமே அளக்கலாம் என்பது என் யோசனை. அதனால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் திருக்கடலூர்ப் பக்கம் முப்பது வருடமாக ஃபைபர் போட் திருத்துகிறவன், ஆய்வாளன் இல்லை. ஆனால் கடலுக்குப் போகிறவர்கள் என் கொட்டிலில் வந்திருந்து சொல்வதெல்லாம் காதில் விழுகிறது. நீரோட்டம் முந்தின மாதிரி இல்லை, சூரை வருகிற மாதம் தள்ளிப் போகிறது, வாடை பிந்தித் தொடங்குகிறது என்கிறார்கள். இது உண்மையா, வெறும் நினைப்பா என்று சொல்வதற்குத் தொடர்ச்சியான கணக்கு வேண்டும், அது நம்மிடம் போதாது. நோர்வேயின் ‘டொக்டர் ஃப்ரிட்ஜோஃப் நான்சன்’ கப்பல் 1978 முதல் 1980 வரை இலங்கைக் கடலில் ஆய்வு செய்தது. அப்புறம் அதே பெயரில் வந்த புதிய கப்பல் 2018இல்தான் இங்கே ஆய்வுக்கு வந்தது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒருமுறை, எனக்குப் பேரன் பிறந்த பிறகு ஒருமுறை. கடலைத் தெரிந்துகொள்ள இது எப்படிப் போதும்?

அதிலும் நம் கடல் சாதாரணக் கடல் இல்லை. மகாவலி வந்து விழுகிற கொட்டியாரக்குடாவின் வாயிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குகிறது, கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே ஆயிரம் மீற்றருக்கு மேல் ஆழம் போய்விடும். அதனால்தான் நீலத் திமிங்கிலமும் எண்ணெய்த் திமிங்கிலமும் இவ்வளவு கிட்ட வருகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிற மாதங்களில் தீவுக்குக் கிழக்கே ஆழத்துக் குளிர்நீர் மேல்நோக்கிக் குவிந்து எழும்புகிறது, கடலாய்வாளர்கள் அதற்கு ‘இலங்கைக் குவிமாடம்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மழைக்காலம் முடிய, கங்கையும் பிரம்மபுத்திராவும் கோதாவரியும் கொட்டிய உப்புக் குறைந்த நீர் இந்தியக் கரையோரமாக இறங்கி நம் பக்கம் வருகிறது. அந்த நல்லநீர் மேலே மெல்லிய படையாக நிற்கும்போது கீழே உள்ள குளிர்நீர் கலக்க முடியாது, மேற்பரப்பின் சூடு ஆறாது, புயலுக்கு அதுவே தீனி. 2020 டிசம்பர் 2ஆம் தேதி இரவு ‘புரவி’ புயல் நமக்கு வடக்கே குச்சவெளி, திரியாய்ப் பக்கத்தால் கரையேறியபோது கூரைத் தகட்டின் மேல் கல்லேற்றிவிட்டு விடிய விடிய விழித்திருந்தவர்களுக்கு இது வெறும் பாடப்புத்தக விஷயம் இல்லை.

உலகம் முழுக்க ஆர்கோ என்ற மிதவைக் கருவிகள் ஏறத்தாழ 4,000 மிதக்கின்றன. பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீற்றர் ஆழத்திலிருந்து மேலே வந்து வெப்பத்தையும் உப்பையும் செய்மதிக்கு அனுப்பும் அருமையான ஏற்பாடு அது. ஆனால் அவை ஆழ்கடலுக்கானவை. குடாவுக்குள்ளும், நிலாவெளிப் புறாமலையைச் சுற்றியுள்ள முருகைக்கற்பாரிலும், மகாவலி நீர் கலங்கி வருகிற வாயிலும் யாராவது படகில் போய்த்தான் அளக்க வேண்டும். அதுவும் வாராவாரம், வருடக்கணக்கில். பெரிய கப்பலை அதற்கு ஓட்டினால் டீசல் காசிலேயே திட்டம் மூழ்கிவிடும்.

ஆகவே பாய்ப்படகு. காசு மட்டும் காரணமில்லை. ஜெர்மனியில் மைன்ஸ் நகரத்து மாக்ஸ் பிளாங்க் வேதியியல் நிறுவனம் 2018இல் ‘ஓய்கன் சைபோல்ட்’ என்று 22 மீற்றர் பாய்ப்படகு ஒன்றை ஆய்வுக்கென்றே இறக்கியது. பெரிய கப்பலின் புகையும் எண்ணெயும் கழிவும், எடுக்கிற நீரையும் காற்றையுமே அழுக்காக்கிவிடும் என்பதுதான் அவர்கள் சொன்ன முக்கிய காரணம். அளக்கப் போன இடத்தை நாமே கெடுத்துவிட்டு என்னத்தை அளப்பது? இரண்டாவது காரணம் சத்தம். 1980களின் முற்பகுதியில் ‘டியூலிப்’ என்ற பத்து மீற்றர் பாய்ப்படகில் வந்த ஆய்வாளர்கள் திருகோணமலைக் கடலிலும் எண்ணெய்த் திமிங்கிலங்களைப் பின்தொடர்ந்தார்கள். நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி, அவை எழுப்புகிற ‘டிக் டிக்’ ஒலியைக் கேட்டே எந்தப் பக்கம் போகின்றன என்று கண்டுபிடித்தார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் அந்த வேலை நடக்காது.

சரி, ஏன் இரட்டை உடல்? உலகம் இன்றைக்குக் கட்டமரான் என்று சொல்கிற சொல் நம் கட்டுமரத்திலிருந்து போனது. ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும், நம் கட்டுமரம் மரங்களைச் சேர்த்துக் கட்டிய தெப்பம், இரண்டு உடல்களைத் தூரத்தில் வைத்து இணைப்பது பசிபிக் தீவு மக்களின் அறிவு. பெயர் நம்முடையது, வடிவம் அவர்களுடையது. இரண்டுக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது: கட்டு.

என் அப்பப்பா கட்டுமரம் வைத்திருந்தார். தும்புக்கயிற்றைக் கடல்நீரில் ஊறவைத்து, மரத்தைச் சுற்றி இழுத்து, குதிக்காலை மரத்தில் ஊன்றி முழு உடம்பாலும் பின்னுக்குச் சாய்ந்து இறுக்குவார். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப்போடுவார். ஏன் ஆணி அடிக்கக் கூடாது என்று ஒருநாள் கேட்டேன். ஆணி கடலோடு சண்டை பிடிக்கும், கயிறு கடலோடு சேர்ந்து போகும் என்றார். பிற்காலத்தில் ஜேம்ஸ் வாரம் என்ற பிரித்தானியரைப் பற்றி வாசித்தேன். 1950களில் ஏழு மீற்றர் இரட்டைப்படகு ஒன்றைத் தானே கட்டி அத்திலாந்திக்கைத் தாண்டிய மனிதர் அவர், தன் படகுகளில் குறுக்குமரங்களை உடலோடு கயிற்றால் கட்டுகிற முறையைக் கொண்டுவந்தார். அலை ஏறி இறங்கும்போது கட்டு கொஞ்சம் அசைந்து கொடுக்கும், பாரம் ஓரிடத்தில் குவிந்து வெடிக்காது. அதை வாசித்த அன்றைக்கு அப்பப்பாவை நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வேலைக்கும் இரட்டை உடல்தான் வசதி. படகு சரியாது, கருவி மேசை மட்டமாக நிற்கும், தண்ணீர்ப் போத்தல்களை வரிசையாக அடுக்கலாம், கடலில் குமட்டல் வருகிற மாணவருக்கும் கொஞ்சம் தாங்கும். நீரில் அமிழ்கிற ஆழம் குறைவு, எனவே சல்லி ஊர்க் கரையில் மணலிலேயே ஏற்றலாம். நான் மனதில் வைத்திருக்கிற அளவு 12 மீற்றர் நீளம், ஆறு மீற்றருக்குக் கொஞ்சம் கூட அகலம், ஒவ்வோர் உடலும் நீர்மட்டத்தில் ஒரு மீற்றர் அகலம். இரண்டுக்கும் நடுவில் உள்ள தளம் நீருக்கு மேலே முக்கால் மீற்றராவது நிற்க வேண்டும், இல்லாவிட்டால் நம் கிழக்குக் கடலின் குறுகிய அலை அடியில் அடித்து உள்ளே இருக்கிறவர்களைப் படாத பாடு படுத்திவிடும்.

இனி எதால் கட்டுவது என்பது. இதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் ஃபைபரில்தான் என் சோறு. பழைய போட்டை வெட்டும்போது கிரைண்டரிலிருந்து பறக்கிற தூள் கழுத்து மடிப்பிலும் முழங்கை மடிப்பிலும் ஒட்டிக்கொண்டு இரவு முழுக்க அரிக்கும், தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டுதான் படுப்பேன். வெட்டிய துண்டை என்ன செய்வது? எரித்தால் கரும்புகை, புதைத்தால் உக்காது. சுனாமிக்குப் பிறகு வந்து குவிந்த ஃபைபர் போட்டுகளில் எத்தனையோ இன்றைக்குக் கரையோரத்தில் கவிழ்ந்து, ஜெல்கோட் என்ற மேற்பூச்சு உரிந்து, நாருநாராகப் பிரிந்து கிடக்கின்றன, ஆடுகள் நிழலுக்கு அதன் அடியில் படுக்கின்றன. கடலில் உள்ள பிளாஸ்டிக்கை எண்ணப் போகிற படகே நாளைக்கு அந்தக் குப்பையாகக் கூடாது. அதனால் உள்ளே இலேசான மரப்பட்டிகள், மேலே மெல்லிய ஃபைபர்த் தோல், எபொக்சி பிசின் பூச்சு என்பது என் யோசனை. மலைநாட்டில் நட்டு வளர்க்கிற அல்பீசியா இலேசான மரம், அதை வெட்டிச் சோதித்துப் பார்க்கலாம். ஆளிச் செடியின் நாரைக் கண்ணாடி நாருக்குப் பதிலாக ஐரோப்பாவில் பாவிக்கத் தொடங்கிவிட்டார்கள், அதை மூடிகளிலும் இருக்கைகளிலும் தொடங்கலாம். அடிப்பூச்சில் செம்பு நஞ்சு கலந்த பெயின்ற் வேண்டாம். கரையேற்றித் தேய்த்துக் கழுவக்கூடிய படகுக்கு அது தேவையில்லை.

மின்சாரக் கணக்கையும் போட்டேன். கூரையில் 15 சதுர மீற்றர் சோலார் தகடு வைத்தால், சதுர மீற்றருக்கு 200 வாட் என்று 3 கிலோவாட். ஒரு நாளைக்கு நாலு மணித்தியால நல்ல வெயில் என்று குறைத்தே பிடித்தாலும் 12 அலகு. வெப்பம், உப்பு, ஆழம் அளக்கிற கருவியை இறக்கி ஏற்றும் சிறிய சுருள் மோட்டார், கணினி, மாதிரிகளை வைக்கும் குளிர்ப்பெட்டி, விளக்கு எல்லாவற்றுக்கும் அதில் பாதி போதும். மீதி பற்றரிக்குப் போய், துறைமுகத்துக்குள் நுழையவும் காற்று விழுந்த நேரத்திலும் மின்மோட்டாரைச் சுழற்றும். பழைய இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஊற்றுகிற எண்ணெயில் நாலிலொரு பங்கு வரை எரியாமலே கடலுக்குள் போகிறது, அதைத் தினமும் மூக்கால் அறிகிறவன் நான்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். இரட்டைப்படகு பாரம் தாங்காது, இன்னொரு பெட்டி, இன்னொரு பெட்டி என்று ஏற்றினால் ஓட்டம் செத்துவிடும். ஈயக்கட்டை அடியில் உள்ள ஒற்றைப்படகு சரிந்தாலும் தானே நிமிரும், இது கவிழ்ந்தால் கவிழ்ந்ததுதான். எனவே காற்று ஏறுவதற்கு முன்பே பாயைச் சுருக்கத் தெரிந்த ஆள் சுக்கானில் இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், வயதாகிவிட்டது. வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ அந்த ஊர்க்காரர் கைகளாலேயே பாயேற்றப்பட்டு 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போனது. அந்தக் கைகள் வடக்கில் மட்டும் இருந்தவை அல்ல. இங்கேயும் படகு கட்டுகிற ஓடாவிமார் இருந்தார்கள், அவர்களின் பிள்ளைகள் இன்றைக்கு மேசன் வேலைக்குப் போகிறார்கள்.

கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தாரிடமும், நாரா என்ற தேசிய நீர்வாழ் வள ஆய்வு நிறுவனத்தாரிடமும், மாகாண சபையிடமும் உங்கள் பத்திரிகை மூலம் கேட்கிறேன்: 12 மீற்றருக்கு முன்பு எட்டு மீற்றரில் ஒரு சோதனைப் படகு கட்டிப் பார்க்கலாமா? என் கொட்டில் 28 அடி நீளம், இரண்டு உடல்களும் சேர்ந்தால் அகலம் கொள்ளாது. ஆனால் கட்டுகிற முறையில் ஒவ்வோர் உடலாக உள்ளே செய்து, வெளியே மணலில் வைத்துக் குறுக்குமரத்தைக் கயிற்றால் இணைத்துவிடலாம். கார்த்திகை, மார்கழியில் திருத்த வேலை குவிந்திருக்கும். மாசி பிறந்து கடல் திறந்தால் எல்லாப் போட்டும் இறங்கிவிடும், அதிலிருந்து ஆவணி வரைக்கும் கொட்டில் பெரும்பாலும் காலி. மாணவர்கள் வந்து அளவெடுத்துப் போகட்டும், வாடகை வேண்டாம். என் விலாசத்தைக் கடிதத்தோடு தனியாக அனுப்பியிருக்கிறேன், கேட்கிறவர்களுக்குக் கொடுங்கள்.

இப்படிக்கு,
படகு திருத்துபவர் ஒருவர்,
திருக்கடலூர், திருகோணமலை.